அவனா? அவரா?

வித்தியாசம் வெறும் 370 ஓட்டுதான்!

2021-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி தென்காசி சட்டசபைத் தொகுதியின் ஓட்டுகளை எண்ணினார்கள். காங்கிரஸ் வேட்பாளர் பழனி நாடாருக்கு 89 ஆயிரத்து 315 ஓட்டுகள். அ.தி.மு.க. வேட்பாளர் செல்வமோகன்தாஸ் பாண்டியனுக்கு 88 ஆயிரத்து 945 ஓட்டுகள். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணும்படி உத்தரவு வந்தது. 2023-ல் எண்ணினார்கள். வெற்றி மாறவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே தெருவில் இந்த வீட்டுக்காரர் ஒரு சின்னத்துக்குப் போட்டார். எதிர் வீட்டுக்காரர் மற்றொரு சின்னத்துக்குப் போட்டார். இரண்டு பேரும் மறுநாள் காலையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரே கடையில் பால் வாங்க வேண்டும்.

தேர்தல் முடிந்ததும் மேடையைப் பிரித்து விடுவார்கள். கொடிகளை அவிழ்த்து விடுவார்கள். பேச்சாளர் காரில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆனால், அவர் பேசிய சொல் மட்டும் ஊரிலேயே தங்கிவிடும். அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்த வேண்டியவர்கள் ஊர் ஜனங்கள்தான்!

அதனால்தான் அரசியலில் சொல்லுக்கு இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

ஒரே ஓர் எழுத்து

தமிழில் மரியாதைக்கும் அவமரியாதைக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு? ஒரே ஓர் எழுத்து!

"வந்தான்" என்றால் ஒரு பொருள். "வந்தார்" என்றால் வேறு பொருள். "ன்" போய் "ர்" வந்ததும் மனிதரின் உயரம் மாறிவிடுகிறது. இங்கிலீஷில் பெரியவருக்கும் சிறியவருக்கும் நேரில் பேச ஒரே சொல்தான். தமிழில் அப்படி இல்லை. வாயைத் திறந்த உடனேயே, எதிரில் இருப்பவரை எப்படி மதிக்கிறோம் என்பது வெளியே வந்துவிடுகிறது. "ஒருமையில் பேசினார்" என்று சொன்னாலே, "அவமதித்தார்" என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

ஒருமையே தவறா? இல்லை. கடவுளை "நீ" என்கிறோம். பெற்ற தாயை "நீ" என்கிறோம். அது அன்பு. மேடையில் எதிர்க்கட்சிக்காரரை "அவன்" என்பது அன்பினால் அல்ல. "நீ என் சமம் இல்லை" என்று சொல்வதற்காக!

திருநெல்வேலிச் சீமையில் முன்பின் தெரியாதவரையும் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார்கள். வயதான அம்மாளை "ஆச்சி" என்பார்கள். அந்தச் சொல்லில் உறவு இருக்கிறது. பேரம் பேசலாம், சண்டையும் போடலாம். ஆனால் "அண்ணாச்சி" என்று ஆரம்பித்த சண்டை ஓர் எல்லைக்குள் நிற்கும்.

மன்னர் கேட்ட வரம்

தென்காசியிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. அது கல்லில் எழுதிய பாடம்.

காசி விசுவநாதர் கோவிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியர். காலம் 15-ம் நூற்றாண்டு. அவர் நாட்டை ஆளும் மன்னர். "இந்தக் கோவிலுக்கு யாராவது கேடு செய்தால் தலையை வாங்குவேன்" என்று எழுதி வைத்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அவர் அப்படி எழுதவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோவிலில் ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தில் எழுதி வைத்தார். பிறக்கப்போகும் ஜனங்களுக்கு ஒரு மன்னர் வணக்கம் செலுத்துகிறார்!

பிறகு என்ன நடந்தது? ராஜகோபுரம் சிதைந்து மொட்டையாகிவிட்டது. நெடுங்காலம் அப்படியே நின்றது. 1990-ம் ஆண்டில் கோபுரம் மறுபடியும் எழுந்து, குடமுழுக்கும் நடந்தது. அதிகாரம் செய்த மன்னர்கள் போய்விட்டார்கள். வணக்கம் சொன்ன மன்னரின் சொல், ஐந்து நூற்றாண்டு கழித்தும் ஊரார் நினைவில் இருக்கிறது.

பணிந்து பேசுவது பலவீனம் என்று நினைப்பவர்கள் அந்தக் கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

குற்றாலத்து வீடு

தென்காசியிலிருந்து சில மைல் தூரத்தில் குற்றாலம். அங்கே வாழ்ந்தவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். "டி.கே.சி." என்றால் எல்லோருக்கும் தெரியும். ராஜாஜியும் "கல்கி"யும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவார்கள். டி.கே.சி. 1954-ல் காலமானார்.

படித்தவர்கள் இங்கிலீஷில் பேசுவதே பெருமை என்று நினைத்த காலம் அது. தமிழில் எதையும் சொல்ல முடியும், தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று டி.கே.சி. ஓயாமல் எடுத்துச் சொன்னார். அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும்.

அரசியல் பேச்சுக்கும் இது நல்ல உரைகல். ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் மேடையிலும் சொல்லலாம். முடியாது என்றால், ஒலிபெருக்கியின் மறைவில் நின்று சொல்வது வீரம் ஆகுமா?

கருத்தில் கடுமை, ஆளுக்கு மரியாதை

"மரியாதை, மரியாதை என்றால் தவறைத் தட்டிக் கேட்கவே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இதற்குப் பெரியாரின் வாழ்க்கையே பதில். கருத்துகளை அவரைப்போல் கடுமையாகத் தாக்கியவர் குறைவு. ஆனால், தம்மைப் பார்க்க வந்த சின்னப் பையனையும் "வாங்க" என்றுதான் அழைப்பார்.

அவருக்கும் ராஜாஜிக்கும் அரசியலில் ஏழாம் பொருத்தம். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ராஜாஜியின் சர்க்கார் பெரியாரைச் சிறையில் வைத்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் மூச்சாக நின்று எதிர்த்தார். ஆனாலும் நட்பு முறியவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்தார். கண்ணீர் விட்டார்.

1967 தேர்தலில் பெரியார் தி.மு.க.வை எதிர்த்துக் காங்கிரசை ஆதரித்தார். தி.மு.க. வென்றது. வென்ற அண்ணா என்ன செய்தார்? திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார்! எந்தக் காலத்தில் எந்தச் சொல்லைச் சொன்னாலும், திரும்பிப் போக ஒரு வழி வைத்துக்கொண்டு பேசியவர்கள் அவர்கள்.

எல்லை தாண்டினால்?

இன்று எல்லை மீறுவது ஒரு கட்சியோடு நிற்கவில்லை. 2019 ஏப்ரலில் உத்தரப்பிரதேச முதல்-மந்திரி யோகி ஆதித்யநாத் 72 மணி நேரமும், பகுஜன் சமாஜ் கட்சித் தலைவி மாயாவதி 48 மணி நேரமும் பிரசாரம் செய்யக்கூடாது என்று தேர்தல் கமிஷன் தடை போட்டது. 2021 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தி.மு.க.வின் ஆ.ராசாவுக்கு 48 மணி நேரத் தடை. அப்போது முதல்-அமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியின் தாயாரைத் தொடும்படி பேசினார் என்பது புகார். ராசாவும் வருத்தம் தெரிவித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சாதி, மதம், மொழியின் பேரால் ஓட்டுக் கேட்பது தேர்தல் முறைகேடு. வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவதும் குற்றம். நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம்.

ஆனால் "அவன்" என்று சொல்லாதே என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் காவலைச் செய்ய வேண்டியவர்கள் கேட்பவர்கள்தான்.

நல்ல சொல்லுக்குள் நஞ்சு

கெட்ட சொல்லைக் கண்டுபிடிப்பது சுலபம். காதில் விழுந்ததும் சுடும். இன்னொரு வகை உண்டு. அது நல்ல சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அதுதான் ஆபத்து!

2022 செப்டம்பர். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளம் கிராமம். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். அவர்கள் பட்டியல் சாதிக் குழந்தைகள். கடைக்காரர் கொடுக்கவில்லை. ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனி இந்தக் கடையில் உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது என்ற பொருள்படச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சி செல்போனில் பரவி நாடே பார்த்தது. போலீசார் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையவும் கோர்ட்டு தடை விதித்தது.

அந்தக் கடைக்காரர் குழந்தைகளைத் திட்டவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "கட்டுப்பாடு" என்றார். எவ்வளவு கண்ணியமான சொல்! "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" என்று அண்ணா தம் தொண்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே சொல். தன்னை அடக்கிக்கொள்வதற்காக வந்த சொல்லை, குழந்தையின் கையில் மிட்டாய் போகாமல் தடுப்பதற்குப் பயன்படுத்தினார்கள்.

"நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறோம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால், சொல்கிறவருக்கே நாக்கு கூசியிருக்கும். "கட்டுப்பாடு" என்றதும் கூச்சம் போய்விட்டது. மூடி மறைக்கும் சொல்லின் வேலை இதுதான். செய்கிறவனின் மனச்சாட்சியைத் தூங்க வைக்கும்!

அரசியலிலும் இது உண்டு. வீடுகளை இடித்துவிட்டு "அப்புறப்படுத்தினோம்" என்பார்கள். விலையை ஏற்றிவிட்டு "மாற்றி அமைத்தோம்" என்பார்கள். சொல் மெத்தென்று இருக்கும். அடி விழுந்தவருக்கு வலி அப்படியே இருக்கும்.

ஆகவே, சொல்லில் கவனம் என்பது இனிக்க இனிக்கப் பேசுவது அல்ல. ஆளை மதித்து, உண்மையை மறைக்காமல் பேசுவது. இரண்டும் சேர்ந்தால்தான் அது நாகரிகம்.

வீட்டில் தொடங்கலாம்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு பேச்சைக் கேட்கும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: இவர் செயலைப் பற்றிப் பேசுகிறாரா, பிறப்பைப் பற்றிப் பேசுகிறாரா? "ரோடு போடவில்லை" என்றால் பதில் சொல்லலாம். "இன்னார் பிள்ளை" என்றால் யார் என்ன பதில் சொல்ல முடியும்?

இரண்டு: ஒருவர் செய்ததை ஒரு கூட்டத்தின் தலையில் ஏற்றுகிறாரா? "அவர்கள் எல்லோருமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் உஷார்!

மூன்று: மெத்தென்ற சொல்லுக்குள் யாருக்காவது அடி விழுகிறதா?

ஒரு காலத்தில் மேடைப் பேச்சு மைதானத்தோடு நின்றது. இப்போது செல்போனில் ஏறிச் சாப்பாட்டு இலை வரைக்கும் வருகிறது. அப்பா அதைப் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் பிள்ளை இருக்கிறான். "அவன், இவன்" என்று பேசுவது கெட்டிக்காரத்தனம் என்று அவன் கற்றுக்கொள்கிறான். நாளைக்கு அந்தச் சொல்லை வாத்தியாரிடம் சொல்வான். பிறகு வீட்டிலும் சொல்வான்.

வசை பேசுபவருக்குச் சம்பளம் கைதட்டல்தான். கை தட்டாவிட்டால் அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல் இருக்காது. வந்த வசையை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்தினால், அது அந்த வீட்டோடு செத்துப்போகும்.

370 ஓட்டில் சட்டசபை உறுப்பினரையே தேர்ந்தெடுத்த தொகுதி இது. நாலு வீடு கைதட்டாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று தென்காசிக்காரர் யாரும் கேட்க முடியாது!