கடல் அழகாகத் தெரியும் வேளை

பொழிச்சலூரில் வாழ்வோர்க்கு ஒரு வழக்கம் தானாகவே வந்துவிடும். பேசிக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்தால், சொல்லைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரைச்சல் ஓய்ந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். வேற்றூரிலிருந்து வரும் உறவினர் இதைக் கண்டு நகைப்பர். நமக்கோ அது பழகிப் போயிற்று. எனினும், "ஓசையற்ற ஓர் ஊருக்கு இரண்டு நாள் போய் வரலாமா?" என்று நம் துணைவியார் ஒரு நாள் கேட்டபோது, அந்த வினாவில் இருந்த களைப்பை நாம் உணராமல் இல்லை.

இராமேசுவரம் செல்வதென முடிவாயிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அன்றே, இராமேசுவரத்திலிருந்து தாம்பரத்திற்கு நேரடி ரயிலும் தொடங்கி வைக்கப்பட்டது. மாலையில் நம் தாம்பரத்தில் ஏறினால், திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியே இரவெல்லாம் ஓடி, வைகறையில் தீவில் சேர்க்கிறது. பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்தது. 1914 முதல் 2022 வரை ரயிலைச் சுமந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரு கைகளைப் போல் மேலெழும் அமைப்பு இருந்தது. புதியதில் நடுப்பகுதி முழுவதும் அப்படியே செங்குத்தாக உயர்கிறது. இருளில் ஒன்றும் தெரியவில்லை. சாளரத்தின் வழியே உப்புக் காற்று மட்டும் வந்து முகத்தைத் தொட்டது.

ஆயினும் முதல் நாள் அமைதி கிட்டவில்லை. குற்றம் ஊருடையதன்று, நம்முடையதே. காண வேண்டிய இடங்கள் பதினான்கு என்று ஒரு தாளில் எழுதிச் சென்றிருந்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் அணிவகுக்கும் கோயிற் பிராகாரம், அப்துல் கலாம் அவர்களின் இல்லம், பேய்க்கரும்பில் உள்ள அவருடைய நினைவிடம் என்று ஆட்டோவில் விரைந்து விரைந்து ஒவ்வொன்றாய்த் தாளில் கோடிட்டோம். இரவில் துணைவியார், "இன்று எதைப் பார்த்தோம்?" என்றார். நாம் தாளை எடுத்துப் பார்த்துத்தான் விடை கூறினோம். அத்தாளை மறுநாள் பெட்டியிலேயே விட்டுவிட்டோம்.

மறுநாள் விடியலில் அக்கினி தீர்த்தக் கரையில் வெறுமனே அமர்ந்திருந்தோம். குளத்து நீர்போல் கிடந்தது கடல். இவ்வூரார் வடபுறக் கடலைப் பெண் கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். ஒன்று அடங்கியது, மற்றது ஆர்ப்பரிப்பது. கரையில் ஈர உடையுடன் நீராடி எழுவோர், தேநீர் ஆற்றுவோர், சங்கு விற்போர் என ஒவ்வொருவரும் தத்தம் வேலையில் இருந்தனர். ஒரு மணி நேரம் நாம் ஒன்றும் பேசவில்லை. பேச்சை நிறுத்த விமானம் எதுவும் தேவைப்படவுமில்லை.

இத்தீவில் கலாம் சிறுவராயிருந்த நாட்களை அவரே பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். பள்ளிவாசல் இமாமாகிய அவர் தந்தையும், பெருங்கோயிலின் தலைமைக் குருக்களான பட்சி லட்சுமண சாஸ்திரிகளும், தீவில் ஆலயம் எழுப்பிய கத்தோலிக்கக் குருவும் ஒருங்கே அமர்ந்து ஊர்ச் சிக்கல்களைப் பேசித் தீர்ப்பார்களாம். ஊரின் அமைதி கடலால் மட்டும் வருவதன்று. இப்படி அமர்ந்து பேசும் மனிதராலும் வருவது.

பிற்பகலில் தனுஷ்கோடி சென்றோம். அங்கும் அமைதிதான், ஆனால் அது வேறு அமைதி. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் அலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூரையற்று நிற்கும் ஆலயச் சுவர்களின் நடுவே நின்றோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அன்று மூன்றே நாட்கள் இருந்தன. குடில் கட்டத் தொடங்கியிருப்பார்களோ, சிறுவர் பாட்டுப் பழகியிருப்பார்களோ! அருகிலேயே மக்கள் நகைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. முதல் நாள் நாமும் அவர்களில் ஒருவராகவே இருந்தோம்.

மாலையில் ஊர் திரும்பி மீனவர் குடியிருப்பின் கரையோரம் நடந்தோம். கருவாடு உலர்த்தியிருந்த மூதாட்டி ஒருவரிடம், "எவ்வளவு அமைதியான ஊர், அம்மா! கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்" என்றோம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "படகு கரைக்கு வர்ற வரைக்கும் எங்களுக்கு ஏதுய்யா அமைதி? புள்ளைங்க இறங்கி வந்த பொறகுதான் கடலு அழகாத் தெரியும்" என்றார்.

நாம் நாணினோம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய நீர்ப்பரப்பில் எல்லை கடந்ததாகக் கைதாகி, படகையும் இழந்து, அக்கரைச் சிறையில் வாடுவோர் உண்டு. அக்கரையிலும் வாழ்வோர் தமிழ் மீனவரே. இங்கிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் தம் வலைகளையும் கடலடி வளத்தையும் அழிக்கின்றன என்பது அவர்தம் முறையீடு. இரு கரையிலும் அடுப்பெரிய வேண்டும். இரு கரையிலும் தாய்மார் காத்திருக்கின்றனர். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையின் பகுதியான கச்சத்தீவில், தவக்காலத்தில் நிகழும் புனித அந்தோணியார் திருவிழாவில் இவ்விரு கரையாரும் ஒரே திருப்பலியில் அருகருகே முழந்தாளிடுகின்றனர். ஒன்றாய் மன்றாடத் தெரிந்தவர்கள் ஒன்றாய் அமர்ந்து பேசவும் வழி பிறக்காதா?

பெரியோர்களே, அன்புத் தாய்மார்களே! நீங்களும் இராமேசுவரம் சென்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இடங்களின் பட்டியலைச் சுருக்குங்கள். ஒரு மணி நேரமாவது பெண் கடலின் கரையில் சும்மா இருங்கள். அங்குள்ளவரோடு இரண்டு சொல் பேசுங்கள். நமக்கு ஓய்வளிக்கும் ஊர், அங்கு வாழ்வோர்க்கு உழைப்பின் களம் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

நாம் வீடு திரும்பிய அன்று மாலையே விமானம் ஒன்று கூரையை உரசுவது போல் சென்றது. வழக்கம்போல் பேச்சை நிறுத்தினோம். இரைச்சல் ஓய்ந்ததும் துணைவியாரிடம், "என்ன சொல்ல வந்தாய்?" என்றோம். "ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் பிள்ளைகள் இந்நேரம் கரை சேர்ந்திருப்பார்களா என்று நினைத்தேன்" என்றார்.