காசு திரும்ப வந்துச்சு, சந்தா நிக்கல

இழை கொஞ்சம் நீளம். கோவத்துலதான் எழுதறேன்.

திருமுருகன்பூண்டியில என்கிட்ட வர்ற அக்கா ஒருத்தங்க, பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். சர்க்கரை நோய். டயட் சொல்ற ஒரு ஆப்புக்கு மாசம் 499 ரூபாய் கட்டிட்டிருந்தாங்க. பிடிக்கல, காசைத் திருப்பிக் கேட்டாங்க. வந்துருச்சு. அன்னைக்கே ஆப் பூட்டிருச்சு. இனி எதுக்குன்னு அழிச்சுட்டாங்க. அடுத்த மாசம் மறுபடி 499 போயிருச்சு.

"டாக்டருங்க, காசைத் திருப்பிக் குடுத்தா கணக்கு முடிஞ்சுதுன்னுதானுங்களே அர்த்தம்?"

நியாயமான கேள்வி. ஆனா இல்லைங்க. ரீஃபண்ட்ங்கிறது ஏற்கெனவே எடுத்த தொகையைத் திருப்பறது. ஆட்டோபே அனுமதி வேற. ரத்து பண்ற வரைக்கும் அது உயிரோட இருக்கும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் குறைஞ்சா கிருமி செத்துருச்சுன்னா அர்த்தம்? ஆப்பை அழிக்கிறது அதுகூடக் கிடையாது, தெர்மாமீட்டரைத் தூக்கி எறியறது.

"விதி இருக்கே டாக்டர்"னு யாராச்சும் வருவீங்க. இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும், வேண்டாம்னா நிறுத்த வழி இருக்கணும். 2021 அக்டோபர்ல இருந்து நடைமுறையில இருக்கு. அக்காவுக்கும் மெசேஜ் வந்திருந்துச்சு. இங்கிலீஷ்ல. மெஷின்ல உக்காந்திருக்கிற நேரத்துல. சனிக்கிழமை சம்பளத்துல ஓடற வீட்டுல 499ன்னா என்னன்னு அந்த விதிக்குத் தெரியாது.

எனக்கு இதைவிடப் பெரிய கடுப்பு வேற. மூணு மாச சுகர் ரீடிங் அந்த ஆப்புக்குள்ள. எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு பாக்காம நான் மாத்திரை அளவை எப்படி மாத்தறது? சேவையை நிறுத்துங்க, சரி. விரலைக் குத்திப் பாத்த எண்ணு அவங்களோடதுய்யா! பாக்குற கதவைப் பூட்டுவீங்க, பணம் எடுக்கிற கதவு மட்டும் திறந்தே கிடக்குமா?

சந்தாப் பொறியை, தடை செஞ்ச 13 ஏமாத்து வித்தைகள்ல ஒண்ணா மத்திய அரசு 2023 நவம்பர் 30லயே அறிவிச்சாச்சு. யாருக்கு ரீஃபண்ட் குடுத்தோம்னு கம்பெனிக்குத் தெரியும். அதே கையோட அனுமதியையும் ரத்து பண்ண என்ன கேடு? "படிச்சுப் பாத்து ஓகே குடுத்திருக்கணும்"னு அந்தம்மாவுக்குப் பாடம் எடுக்காதீங்க.

இன்னைக்கே உங்க யுபிஐ ஆப்புல ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்க. பிளே ஸ்டோர் வழியா கட்டியிருந்தா அங்க சந்தாக்கள்ல பாருங்க. மசியலைன்னா 1915, நுகர்வோர் உதவி எண். சுகர் ரீடிங்கை ஒரு நோட்டுலயும் எழுதி வைங்க.

அக்காவோடதைக் கிளினிக்லயே உக்காந்து ரத்து பண்ணுனோம். வெளிய டோக்கன்காரங்க கத்திட்டிருந்தாங்க. கத்தட்டும்.