சதாசிவம் தலைமை தாங்கிய ஆண்டு

1956க்கு முன்னர் இந்நாட்டின் விளையாட்டரங்கிலே இனம் என்ற பேச்சே எழுந்ததில்லை என்று கூறும் பெரியோர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இன்றும் உளர். அதற்கு அவர்கள் காட்டும் சான்று ஒன்றே. 1948 மார்ச் 27இல், சுதந்திரம் கிடைத்து இரு மாதங்களும் நிறையாத வேளையில், கொழும்பு ஓவல் மைதானத்தில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணியை எதிர்த்தாடிய இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம் என்னும் தமிழர். சான்று மெய்யானது; அதினின்று அவர்கள் பெறும் முடிபே பொய்யானது.

சதாசிவத்தின் ஆற்றல் இங்கு வழக்கன்று. 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவருக்கு எவரும் தயவு காட்டித் தலைமையை அளிக்கவில்லை. ஆயின், இனம் அறியாத விளையாட்டு என்கிறார்களே, அன்றைய கழகங்களின் பெயர்களையேனும் அவர்கள் நினைவுகூர வேண்டாமா? 1899இல் தோன்றிய சிங்கள விளையாட்டுக் கழகம், அதே ஆண்டில் தோன்றிய தமிழ் யூனியன், பறங்கியர் கழகம், சோனகர் கழகம். பெயர்ப்பலகையிலேயே இனத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள். அவர்களிடையே பூசல் எழாமைக்குக் காரணம் வேறு. ஆடியோர் அனைவரும் ஒரே வகுப்பினர். ஆங்கிலக் கல்லூரிகளில் மட்டை பிடிக்கக் கற்றவர்கள். ஊதியமின்றி ஆடும் ஓய்வு படைத்தவர்கள். வேலி உயரமாயிருந்தமையால் வாயிலிற் காவலன் தேவைப்படவில்லை.

இதற்கு ஓராண்டு முன்னர் அமெரிக்காவில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குக. அங்கு பேஸ்போல் கூலிக்கு ஆடும் தொழில். ஆகவே கறுப்பினத்தவரை விலக்கியமை, அவர்தம் திறமையையும் பிழைப்பையும் ஒருங்கே விலக்கியமையாகும். 1947 ஏப்ரல் 15இல் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக ஜக்கி றொபின்சன் களமிறங்கியபோது அரைநூற்றாண்டுக்கு மேலாக அடைபட்டிருந்த கதவு திறந்தது. அப்பருவம் முழுவதும் வசைமொழிகளைக் கேட்டுக்கொண்டே 151 ஆட்டங்கள் ஆடி, அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் எனும் விருதையும் அவர் பெற்றார். ஆனால் அங்கு ஒருவர் நுழைந்ததும் சமத்துவம் வந்துவிட்டதென எவரும் கணக்கை மூடிவிடவில்லை. எந்த அணி இன்னும் கறுப்பின வீரரைச் சேர்க்கவில்லை என எண்ணிக்கொண்டேயிருந்தனர். பதினாறு அணிகளுள் இறுதி அணியாகிய பொஸ்டன் 1959இல்தான் சேர்த்தது. நாமோ ஒருவரைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

எண்ணியிருந்தால் என்ன கண்டிருப்போம்? பிரட்மன் ஆடிய அன்று ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாரே இருந்ததாம். துடுப்பாட்ட அன்பர்கள் இதனை இன்றும் சொல்லிச் சிரிப்பர். அதே ஆண்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அளந்த அளவைப் பற்றிப் பேசுவோர் அவருட் சிலரே. தந்தை இங்கு பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று காட்டுக என்றது அச்சட்டம். லயன் அறைகளில் எவரிடம் இருந்தது அச்சான்று? ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர். ஒரு தமிழர் தலைமை தாங்கிய ஆண்டென நாம் மார்தட்டும் ஆண்டு இதுவே. நம்மவர் கூட்டிய 'நாம்' என்ற தொகையுள் கொழுந்து பறித்தோர் இடம்பெறவில்லை.

அந்த ஓவல் மைதானம் தமிழ் யூனியனுக்குரியது. 1977 முதல் பி. சரவணமுத்து விளையாட்டரங்கு என வழங்குவது. 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டியைக் கண்டது. அடுத்த ஆண்டு யூலையில் அதன் கழகக் கட்டடம் எரிக்கப்பட்டது. வேலிக்குள் இருப்போருக்கு இனமில்லை என்ற நம்பிக்கைக்கும் அன்று தீ வைக்கப்பட்டது.

முரளிதரனை மறந்தீரோ எனச் சிலர் வினவக்கூடும். மறக்கவில்லை. தமிழ் யூனியனுக்கு ஆடிய அவருடைய பாட்டனார் தோட்டத்துக்கு வந்த தொழிலாளி. ஆனால் தந்தையார் இனிப்புப்பண்டத் தொழிற்சாலை நடத்தியவர். மகன் பயின்றது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி. வேலியைத் தாண்ட ஒரு குடும்பத்துக்கு எத்தனை படிகள் வேண்டியிருந்தன என்பதையே அவ்வரலாறு காட்டுகிறது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, அவர் இந்நாட்டுக்காக டெஸ்ட் போட்டிகளில் 400 விக்கெட்டுகளைக் கடந்துவிட்டிருந்தார்.