விசாரணையற்ற பிரஷ்டம்

ஆன்லைன் விளையாட்டைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று நமது நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். தேசத்தில் ஆயிரம் தொல்லைகள் இருக்க, கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டத்திலிருந்து யாரோ ஒரு வாலிபனைத் தள்ளி வைத்தது ஒரு விஷயமா என்று அவர்கள் கேட்கலாம். குற்றம் இன்னதென்று சொல்லாமலும், பதில் சொல்ல இடம் கொடாமலும், ஒருவனுடைய பொருளைப் பறித்து அவன் பெயர்மீது மோசக்காரன் என்ற முத்திரையையும் குத்தும் அதிகாரம் ஒரு வியாபாரியின் கையில் இருக்குமாயின், அது கவனிக்கத்தக்க விஷயமே என்பது நமது அபிப்பிராயம். நம் வீட்டுப் பிள்ளைகளில் அநேகர் இன்று இந்த அதிகாரத்தின் கீழ் வாழ்கிறார்கள்.

முற்காலத்தில் சதுரங்கப் பலகையை விலைக்கு வாங்கினவன் அதை வீட்டுக்குக் கொண்டு போனான். விற்ற கடைக்காரன் பிறகு வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போக வழியில்லை. இன்றைய விளையாட்டு அப்படிப்பட்டதன்று. ஆட்டம் நிறுவனத்தின் யந்திரத்தில் நடக்கிறது. வாங்கினவனிடம் இருப்பது ஒரு கணக்கும் அதைத் திறக்கும் ரகசியச் சொல்லுமே. விலை கொடுத்து வாங்கிய ஆட்டங்கள், ஆட்டத்துக்குள்ளே வாங்கிய சாமான்கள், வருஷக்கணக்காய் ஆடி ஈட்டிய ஸ்தானம், கூட ஆடும் சிநேகிதர்கள் யாவும் அந்தக் கணக்கில் அடக்கம். பந்தயங்களில் பரிசு பெறுபவனுக்கு அதுவே ஜீவனோபாயமாகவும் ஆகிறது. நிறுவனம் கணக்கை மூடினால் அத்தனையும் ஒரு கணத்தில் போயிற்று. வாலிபர்கள் இதைப் ‘பேன்’ என்கிறார்கள். பிரஷ்டம் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர். ஸ்டீம் என்னும் பெரிய விளையாட்டுக் கடையில் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டவனுடைய பெயர்ப் பக்கத்தில், அவன் தண்டனை பெற்றவன் என்பதும், பெற்று எத்தனை நாளாயிற்று என்பதும் உலகம் காண எழுதி வைக்கப்படுகின்றன. ஜாதிப் பிரஷ்டத்தை நாம் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆயினும் அங்கே பஞ்சாயத்தார் கூடி உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவனை எதிரே நிறுத்தியாவது தள்ளி வைத்தார்கள்.

கல்லூரி மாணவர் ஒருவரின் கடிதப் போக்குவரத்து நம் பார்வைக்கு வந்தது. சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக ஆடிய ஆட்டத்திலிருந்து அவர் ஒரு நாள் காலையில் விலக்கப்பட்டார். ‘விதிகளை மீறியது’ என்பதே காரணம். எந்த விதி, எந்தத் தேதியில், எந்த ஆட்டத்தில் என்று ஏழு முறை எழுதிக் கேட்டார். ஏழு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டவரின் பெயர் வேறு, வாசகம் ஒன்றே. உங்கள் வருத்தத்தை அறிவோம், தீர்மானம் முடிவானது, இந்த விண்ணப்பம் மூடப்பட்டது என்பதுதான் அது. மாணவர் கெட்டிக்காரர். நாலாவது கடிதத்தில், “இதை மனிதர் எவரேனும் படித்தால், பதிலில் ‘மாம்பழம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பவும்” என்று கேட்டிருந்தார். மாம்பழம் வரவில்லை. அவர் நிரபராதி என்று சத்தியம் செய்ய நாம் முன்வரவில்லை. குற்றப் பத்திரிகை இல்லாத வழக்கில் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ எந்த நியாயாதிபதியும் சொல்ல முடியாது.

யந்திரம் தவறு செய்யாது என்பது நிறுவனங்களின் வாதமாயின், அவற்றின் சொந்தச் சரித்திரமே அதற்கு விரோதமாயிருக்கிறது. 2010-ம் வருஷம் ஜூலை மாதத்தில், ஸ்டீமை நடத்தும் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம், ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆடியவர்களில் சுமார் 12,000 பேரைத் தவறாக மோசக்காரர்கள் என்று விலக்கியிருந்ததாக ஒப்புக்கொண்டது. நடந்தது இதுதான். ஆட்டத்தின் கோப்புகளை ஸ்டீமே புதுப்பித்துக்கொண்டிருந்த சமயத்தில், வட்டிலிருந்த பிரதியும் கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்த பிரதியும் ஒத்திருக்கவில்லை. அந்த வேற்றுமையைக் கண்ட காவல் யந்திரம், ஆடுகிறவன்தான் கோப்பைத் திருத்திவிட்டான் என்று தீர்ப்புச் செய்துவிட்டது. வீட்டுக்காரனே பூட்டை மாற்றிவிட்டு, பூட்டு மாறியிருப்பதைக் காட்டிக் குடியிருப்பவனைத் திருடன் என்ற கதை இது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டுத் தண்டனைகளை ரத்துச் செய்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறோர் ஆட்டத்தை இனாமாகவும் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, 2023 அக்டோபரில், அதே நிறுவனத்தின் ‘கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2’ ஆட்டத்தில் மறுபடியும் அது நிகழ்ந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் தன் கிராபிக்ஸ் கார்டுகளுக்குரிய டிரைவர் மென்பொருளில் ‘ஆன்டி-லேக் பிளஸ்’ என்ற புதிய வசதியைச் சேர்த்தது. அவ்வசதி ஆட்டத்தின் உள்ளே கை வைத்து வேலை செய்தது. கார்டு செய்தவனே கொடுத்த வசதியை நம்பித் திறந்தவர்கள் மோசக்காரர்கள் ஆயினர். வால்வ் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது, ஏ.எம்.டி. அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; பின்னர் அந்தத் தண்டனைகள் நீக்கப்பட்டன.

2024 அக்டோபரில் வெளியானது இவ்விரண்டையும் மிஞ்சுகிறது. ‘கால் ஆஃப் டியூட்டி’ ஆட்டத்தைக் காக்கும் ‘ரிக்கொஷே’ என்னும் காவல் மென்பொருள், கம்ப்யூட்டரின் நினைவகத்தில் சில ஆங்கிலச் சொற்கள் கிடக்கின்றனவா என்று தேடி வந்தது. மோசடி மென்பொருள்களில் காணப்படும் சொற்கள் அவை. இதைக் கண்டுகொண்ட ஒரு விஷமி, தனக்கு வேண்டாதவர்களுக்கு அந்தச் சொற்களில் ஒன்றைத் தனிச் செய்தியாக அனுப்பினான். செய்தி வந்து சேர்ந்ததே குற்றமாயிற்று, பெற்றவன் விலக்கப்பட்டான். ஒருவன் சட்டைப் பையில் ஒரு காகிதத்தைப் போட்டுவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டோ? ஆயிரக்கணக்கானவர்களை இப்படித் தள்ளியதாக அவன் பெருமையடித்துக்கொண்டான். ஆக்டிவிஷன் நிறுவனமோ, பாதிக்கப்பட்டவை சொற்பமான கணக்குகளே என்றும், அவை மீட்கப்பட்டன என்றும் அறிவித்தது. எத்தனை என்று அது சொல்லவில்லை.

இம்மூன்றிலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தள்ளப்பட்டவர்கள் கூட்டமாய் இருந்தார்கள். அல்லது பெரிய நிறுவனம் ஒன்றின் பெயர் அதில் அடிபட்டது. அல்லது விஷயம் பத்திரிகைகளுக்கு எட்டியது. கூட்டமாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைத்தது. யந்திரத்தின் பிழை ஒரே ஒருவன் தலையில் விழுந்தால் அவன் கதி என்ன? ஏதோ ஓர் அபூர்வமான மென்பொருளை நிரபராதமாக வைத்திருந்தவனுக்கு ஆதரவாகப் பன்னிரண்டாயிரம் பேர் வரமாட்டார்கள். வால்வின் எழுதப்பட்ட விதிப்படி, அதன் காவல் யந்திரம் விதிக்கும் தடை நிரந்தரமானது, வாதத்துக்கு உரியதன்று, உதவிக் காரியாலயத்தாரால் அதை நீக்க முடியாது, தவறென்று தீர்மானிக்கப்பட்டால் அது தானே நீங்கிவிடும். அந்தத் தீர்மானத்தைச் செய்பவர் யார், எதைக் கேட்டுச் செய்வார்? கோவலனைக் கொல்வித்த பாண்டியன் விசாரியாமல் தவறு செய்தவன்தான். ஆயினும் அவனுடைய வாயிலில் ஒரு பெண் தனியே வந்து நின்றபோது கதவு திறந்தது. சிலம்பை வரவழைத்து உடைத்துப் பார்க்கச் சபை இருந்தது. இங்கே வாயில்காப்போனும் யந்திரமாயிருக்கிறான்.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மோசடி பொய்யன்று. சுவருக்கு அப்பால் நிற்பவனைக் காட்டும் மென்பொருளும், துப்பாக்கிக் குறியைத் தானே வைத்துக் கொடுக்கும் மென்பொருளும் பணத்துக்கு விற்கப்படுகின்றன. அவற்றை வைத்து ஆடும் ஒருவன் நேர்மையாக ஆடும் பலருடைய பொழுதையும் கெடுக்கிறான். அகப்பட்டால் நிரபராதி என்று கத்துகிறவர்களில் முதல்வனும் அவனே. கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டால் மறுநாளே அவன் மாற்று வழி தேடுவான் என்று நிறுவனங்கள் சொல்வதும் நியாயமே. அதற்காகவே சில நிறுவனங்கள் குற்றத்தைக் கண்ட தினத்தில் தண்டியாமல், நாள் கழித்துத் தொகையாகத் தண்டிக்கின்றன. இவ்வளவும் முறையை மறைப்பதற்குக் காரணமாகுமேயன்றிக் குற்றச்சாட்டை மறைப்பதற்குக் காரணமாகாது. ரகசிய சாட்சியத்தை நியாயாதிபதி தம் அறையில் பார்ப்பது நீதிமன்றங்களில் உள்ள வழக்கம். எந்த மாதிரியான மோசடி, ஏறக்குறைய எந்தக் காலத்தில் என்று சொன்னால் எந்தக் கோட்டை இடிந்து விழும்? அதையும் சொல்ல முடியாத இடத்தில், யந்திரத்தின் தீர்ப்பை ஒரு மனிதன் மறுபடி பார்க்கட்டும்; பார்த்தவன் தன் பெயரில் பதில் எழுதட்டும்.

ஒப்பந்தத்தில் சம்மதித்துத்தானே உள்ளே வந்தாய் என்பது அடுத்த வாதம். பல பக்க ஷரத்துகளின் அடியில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவது எவ்விதச் சம்மதம் என்பதை வக்கீல் தொழில் செய்தவர்கள் அறிவார்கள். பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வக்கீலே இதில் அகப்பட்டுக்கொண்டார். ‘செகண்ட் லைஃப்’ என்னும் கற்பனை உலகத்தில் அவர் வாங்கியிருந்த நிலங்களை லிண்டன் நிறுவனம் கைப்பற்றிக்கொண்டு கணக்கையும் மூடிற்று. அவர் நிலம் வாங்கிய விதம் முறையற்றது என்பது நிறுவனத்தின் கட்சி. கோர்ட்டுக்கு வரக்கூடாது, ஸான்பிரான்ஸிஸ்கோவில் மத்தியஸ்தர்களிடம்தான் வர வேண்டும் என்ற ஷரத்தையும் அது காட்டிற்று. 2007-ல் அமெரிக்க ஃபெடரல் ஜில்லாக் கோர்ட்டு, அந்த ஷரத்து ஒரு தலைப்பட்சமானது, மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிட்டது. அதன் பின்பே நிறுவனம் ராஜிக்கு வந்தது. வால்வும் 2024 செப்டம்பரில் கட்டாய மத்தியஸ்த ஷரத்தைத் தன் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் ஓர் ஆட்டத்தின் விலைக்காக அமெரிக்கக் கோர்ட்டில் வியாஜ்யம் தொடுக்கக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்? கலிபோர்னியா ராஜ்யம் 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டத்தால், கிடைப்பது உரிமமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைக் காட்டி இத்தகைய சரக்குகளை விற்கலாகாது என்று விதித்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டுப் பறிக்கலாம் என்ற அளவோடு அந்தச் சட்டம் நின்றுவிட்டது.

இந்த அதிகாரம் மோசடிக்காரர்கள் மீது மட்டும் பாயும் என்றும் நம்ப வேண்டாம். 2019 அக்டோபரில் ‘பிளிட்ஸ்சுங்’ என்ற பெயரில் ஆடும் ஹாங்காங் வாலிபர், ‘ஹார்த்ஸ்டோன்’ போட்டியின் பேட்டியில் தம் நகரத்தின் விடுதலைக்காகக் கோஷமிட்டார். பிளிஸார்டு நிறுவனம் அவரை ஒரு வருஷம் விலக்கிப் பரிசுப் பணத்தையும் பறித்தது. உலகத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. சில தினங்களில் தண்டனை ஆறு மாதமாகக் குறைந்தது, பரிசும் திரும்பி வந்தது. இடையில் விதியும் மாறவில்லை, அவர் செய்கையும் மாறவில்லை. மாறியது கூச்சலின் அளவே.

ஐரோப்பியர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிட முன்னே போயிருக்கிறார்கள். அவர்களுடைய டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பயனரின் பதிவுகளுக்கு இடம் தரும் சேவைகள், கணக்கை முடக்கினால் காரணத்தைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் நீங்கலாக மற்றத் தளங்கள் குறைந்தது ஆறு மாதம் வரை முறையீட்டுக்கு இடம் தர வேண்டும். அம்முறையீட்டை யந்திரம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போகாமல் வெளியார் சபையிடம் செல்லவும் வழி உண்டு. நம் நாட்டிலும் 2021-ம் வருஷத்து ஐ.டி. விதிகள், புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிக் குறித்த கெடுவுக்குள் தீர்க்க ஓர் அதிகாரியை வைக்கும்படி இணைய இடையீட்டாளர்களுக்குக் கட்டளையிடுகின்றன. 2022-ல் செய்த திருத்தத்தால் அப்பீல் கமிட்டிகளும் ஏற்பட்டன. விளையாட்டு நிறுவனம் ‘இடையீட்டாளர்’ ஆகுமா, தன் சொந்தச் சரக்கை விற்கும் கடைக்காரனே அன்றோ என்ற வாதத்தைக் கிளப்பி நழுவுவதற்கு இதில் சந்து இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை ஒழிப்பதில் காட்டிய வேகத்தை இந்தச் சந்தை அடைப்பதில் காட்டவில்லை.

அச்சட்டம் ஓர் அதிகார சபைக்கு இடம் தருகிறது. இந்தியாவில் பணம் வாங்கும் ஒவ்வொரு விளையாட்டு நிறுவனமும், நிரந்தரமாக ஒருவனை விலக்கும்போது குற்றத்தின் வகையையும் காலத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று சர்க்கார் அந்தச் சபையின் மூலம் விதிக்கட்டும். முப்பது தினத்துக்குள் ஒரு மனிதர் மறு விசாரணை செய்யட்டும். குற்றம் ருசுவாகாவிட்டால் கணக்கும், பெயர்ப் பக்கத்தின் களங்கமும் உடனே நீங்கட்டும். ஆட்டத்தில் மோசம் செய்தவனானாலும், அந்த ஆட்டத்தோடு சம்பந்தமில்லாமல் அவன் விலை கொடுத்து வாங்கிய மற்றவற்றைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகள், இதைச் சிறு பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்காமல், அடுத்த கூட்டத்திலேயே கேள்வியாகக் கேட்பார்களா? மேலே சொன்ன மாணவர் தம் எட்டாவது கடிதத்தைச் சென்ற வாரம் அனுப்பியிருக்கிறார்.