விளையாட்டுக் கணினியும் வெப்பப் பசையும்

தேரின் பெருமையைக் காண்பார் அதன் அச்சாணியைக் காண்பதில்லை. அங்ஙனமே, மடிக்கணினியின் விரைவையும் திரையின் ஒளியையும் புகழும் நம் மாணவ நண்பர்கள், அதனுள்ளே மயிரிழையளவு மெல்லிதாய்ப் பரந்து கிடக்கும் ஒரு பசையைப் பற்றி எண்ணுவதில்லை. கணினி கொதித்து அடங்கிய பின்னரே எண்ணத் தலைப்படுகின்றனர். அப்பொழுதும், கடையிலுள்ளவற்றுள் எதன் விலை மிகுதியோ, எதன் உறைமேல் பொறித்த எண் பெரிதோ, அதுவே சிறந்ததென்று துணிந்துவிடுகின்றனர். அத்துணிவு பிழையென்பதே எம் கருத்து.

இக்கருத்து ஏட்டிலிருந்து எடுத்ததன்று, இழப்பினாற் பெற்றது. சென்ற கோடையில் எம் விடுதித் தோழர் ஒருவரது மடிக்கணினி, ஆட்டத்தின் நடுவே சூடேறித் தளர்வதும் தானே நின்றுவிடுவதுமாக இருந்தது. அஃது அவர் தந்தையார் தவணை முறையிற் பணங்கட்டி வாங்கித் தந்தது. விளையாட்டையே கருதி விரும்பிக் கேட்டதாயினும், அவர் தேர்வுக்கென எழுதிய கட்டுரையும் அதனுள்ளேயே இருந்தது. யாமும் அவரும் கூடி ஆராய்ந்து, எண்ணிற் பெரிதாகிய 'லிக்விட் மெட்டல்' என்னும் திரவ உலோகத்தை வாங்கிப் பூசினோம். இரண்டு நாள் கணினி குளிர்ந்திருந்தது. மூன்றாம் நாள் திரை இருண்டது. சில்லின் விளிம்பைக் கடந்து வழிந்த ஒரு துளி, அருகிருந்த நுண்ணுறுப்புகளை இணைத்து மின்சாரத்தை வழிமாற்றிவிட்டது. குறை உலோகத்தினதன்று, தெரிந்தெடுத்த எம்முடையதே.

'தெர்மல் பேஸ்ட்' எனக் கடைகளில் வழங்கும் இப்பசையின் தொழில் யாது? சில்லின் முகமும், அதன்மேற் பொருந்தும் செம்புத் தகட்டின் முகமும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றினும், நுணுகி நோக்கின் மேடும் பள்ளமும் உடையன. அப்பள்ளங்களில் காற்றுத் தங்கும். செம்பின் வெப்பங்கடத்து திறனை 400 எனக் கொண்டால், அதே அளவையிற் காற்றின் திறன் 0.026 மட்டுமே. வெப்பம் போகும் வழியை அடைக்கும் அக்காற்றை வெளியேற்றி, அவ்விடத்தைத் தான் நிரப்புவதே பசையின் கடமை. பசைகளின் உறைமேற் காணும் எண்கள் பெரும்பாலும் 5 முதல் 14 வரையுள்ளன. பசை காற்றினும் பன்மடங்கு மேலானது. செம்பினும் பன்மடங்கு தாழ்ந்தது. ஆகலின் அது தடித்திருத்தல் தீது. இடையிற் காற்றுப் புகாதபடி எங்கும் பரந்திருத்தலே நன்று.

இனி, எண்ணின் பெருமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெப்பங் கடத்தலின் விதியை 1822-ஆம் ஆண்டிலேயே ஃபூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நூலில் விளக்கிவிட்டார். இரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சில்லொன்று 100 வாட் வெப்பத்தை வெளியிடுகின்றது. அதன்மேற் பசை 0.05 மில்லிமீட்டர் கனத்திற் சீராகப் பரந்துள்ளது என்று கொள்வோம். திறன் 5 உடைய பசையாயின், அதன் இரு புறத்திற்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடு 5 பாகை. திறன் 10 ஆயின் 2.5 பாகை. பசையின் திறன் இருமடங்காகியும் நாம் பெற்ற ஊதியம் இரண்டரைப் பாகையே! சித்திரை மாதத்து விடுதி அறைக்கும் குளிரூட்டிய நூல்நிலையத்திற்கும் உள்ள வேறுபாடு இதனினும் பெரிது.

அங்ஙனமாயின் நாம் நோக்க வேண்டுவது யாது? நிலைத்து நிற்றலே. மேசைக் கணினியிற் சில்லின்மேல் பெரும்பாலும் ஓர் உலோக மூடி உண்டு. மடிக்கணினியிலோ சில்லு வெறுமையாகவே தகட்டைத் தொடுகின்றது. ஆட்டந் தொடங்குங்கால் அது விரைந்து கொதிக்கும். முடிந்தபின் விரைந்து ஆறும். சில்லும் செம்பும் வெவ்வேறளவில் விரிந்து சுருங்குதலால், இடையிலுள்ள பசை சிறிது சிறிதாக ஓரத்திற்குத் தள்ளப்படும். இளகிய பசையாயின் சில திங்களிலேயே நடுவிடம் வெறுமையாகும். முதல் நாளில் வென்ற பசை மூன்றாந் திங்களிற் தோற்பது இதனாலேயாம். ஆகவே மடிக்கணினிக்கு, எண் சிறிது குறையினும், இறுகிய பதமுடைய பசையே ஏற்றது.

அதனினும் ஏற்றதென யாம் கருதுவது, ஹனிவெல் நிறுவனத்தாரின் பி.டி.எம். 7950 போன்ற நிலைமாறும் தாளாகும். அது சாதாரண வெப்பத்தில் திண்ணிதாய் இருக்கும். ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில் இளகிப் பள்ளங்களை நிரப்பும். ஆறியபின் மீண்டும் இறுகும். பசையைப் போல எளிதில் ஓரத்திற்கு ஒதுங்குவதில்லை. சில்லின் அளவிற்கு வெட்டி வைத்தாற் போதும். மிகுதியாயிற்றோ குறைந்ததோ என்னும் ஐயமும் இல்லை.

'ஆலைகளிலேயே திரவ உலோகத்தைப் பயன்படுத்துகின்றனரே. 2020-இல் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5-இலும் அஃது உண்டே' என்று வினவுவார் உளர். உண்மையே. ஆயின் அங்கே உலோகம் வழியாதபடி சுற்றிலும் தடுப்பு அமைத்துள்ளனர். நம் விடுதி மேசையில் அஃதேது? காலியம் கலந்த அவ்வுலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பழகிய கைக்கு அது கருவி. பழகாத கைக்குக் கேடு.

இறுதியாக ஒன்று. பசை வாங்குமுன், விசிறியிலும் செம்பு வழியின் முடிவிலுள்ள தகடுகளிலும் அடைந்த தூசியை நீக்கிப் பாருங்கள். பல கணினிகளின் நோய் அதனோடே தீரும். தீராதாயின், உத்தரவாதம் எஞ்சியுள்ளதா என்று அறிந்து, மின்கலத்தின் இணைப்பை விடுவித்த பின்னரே உள்ளே கைவையுங்கள். நினைவகச் சில்லுகளின்மேல் உள்ள மெத்தென்ற பட்டைகளுக்கு மாறாகப் பசையிடாதீர்கள். அங்குள்ள இடைவெளியைப் பசை நிரப்பாது.

எம் தோழரின் கணினிக்குப் புதிய பலகை பொருத்தப்பெற்றது. முதற் கடனே தீராத தந்தையார் அதன் விலையையும் கொடுத்தார். தோழரை அவர் கடிந்து ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. அந்த மௌனம் எமக்குக் கற்பித்ததையே இங்கு எழுதினோம். உறைமேலுள்ள எண்ணை நோக்கி வாங்காதீர்கள்; உங்கள் கணினியின் அமைப்பையும், உங்கள் கைத்திறத்தையும், அதற்குப் பணங் கொடுத்தவரையும் நோக்கி வாங்குங்கள்.