புட்டிக்குள் இருக்கிறதா மூளை?

"பீர் குடித்தால் மூளை வளருமாமே, அண்ணே! பத்திரிகையிலேயே போட்டுவிட்டானே!" என்று தோழர்கள் கேட்கிறார்கள். சிலர் கேலியாகக் கேட்கிறார்கள். சிலரோ, கேட்கும்போதே சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்! கேலி பேசுவோருக்கு நம் விடை தேவையில்லை. பையைத் தடவும் தோழருக்காகவே இதை எழுதுகிறோம். அந்தப் பையிலே இருப்பது அவருடைய ஒருநாள் வியர்வை அல்லவா?

செய்தி முழுப் பொய்யா? இல்லை. முழுப் பொய்யென்றால் ஒரு வரியிலே ஒதுக்கிவிடலாம். இது அரை மெய். முழுப் பொய் வாசற்படியிலேயே தடுக்கி விழும். அரை மெய் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். ஆகவே, மெய்யை முதலிலே சொல்லிவிடுவோம்.

பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரலாகாது என்று 1516ஆம் ஆண்டிலேயே பவேரியாவில் சட்டம் செய்தார்கள். அந்தப் பூவிலே மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உண்டு, பெயர் சாந்தோஹூமால். அதற்கு உறவான பொருள்களும் பல உண்டு.

நம் மூளையில் உள்ள நரம்பணு, ஆலமரம் விழுது விடுவதைப்போல இழைகளை நீட்டி அடுத்த அணுவைத் தொடுகிறது. அந்தத் தொடர்பாலேதான் நாம் நினைக்கிறோம், நினைவில் வைக்கிறோம், கையை அசைக்கிறோம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்களும் அவர்தம் ஜெர்மானியத் தோழர்களும், ஹாப்ஸ் இனத்துப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களிலே சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதிராத அணுக்கள் நரம்பணுக்களாக மாறின, இழைகளும் நீண்டன. உண்மைதான்! பாராட்டுகிறோம்! ஆராயும் அறிவை இகழ்வது நம் வேலையல்ல.

ஆனால், பகுத்தறிவுப் பாசறையிலே பயின்றவர்கள் நாம். சாமியார் சொன்னாலும் கேள்வி கேட்போம். சாத்திரம் சொன்னாலும் கேள்வி கேட்போம். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்வோமா? மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதற் கேள்வி: குடித்தது யார்?

சால்ஸ்பர்க்கிலே யாரும் பீர் குடிக்கவில்லை. பொருளைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டிலே வளர்த்த அணுக்களின்மீது இட்டார்கள். 2014இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தார் சாந்தோஹூமாலை எலிகளுக்குக் கொடுத்தார்கள். இளம் எலிகள் புதிய வழியைச் சற்று விரைவாகக் கற்றன. கிழ எலிகளுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. தட்டிலும் எலியிலும் கண்டதை, தறி ஓட்டும் மனிதன்மீது ஏற்றிச் சொன்னது யார்? ஆய்வாளரா? இல்லை! தலைப்புத் தீட்டியவர்கள்!

இரண்டாம் கேள்வி: எவ்வளவு?

அந்த எலிகள் உண்ட அளவுக்கு ஈடாக மனிதன் பெற வேண்டுமானால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் பீர் குடிக்க வேண்டும் என்று அதே பல்கலைக் கழகம் அன்றே அறிவித்தது. 650 மில்லி புட்டிக் கணக்கிலே மூவாயிரத்துக்கும் மேல்! ஒரு நாளைக்கு! குடிப்பதற்கு மனிதன் போதாது, தோழரே; ஏரி மதகைத்தான் திறந்துவிட வேண்டும்!

ஏன் இவ்வளவு? பீர் காய்ச்சும்போது சாந்தோஹூமாலின் பெரும்பகுதி உருமாறிப் போகிறது. சாதாரண பீரிலே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறுவதில்லை.

மூன்றாம் கேள்வி: அந்தக் குவளையிலே வேறென்ன இருக்கிறது?

இதைத்தான் தலைப்பு மறைக்கிறது. நூற்றுக்கு 5 பங்கு சாராயம் கொண்ட பீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 40 கிராம் சாராயம். அதாவது 40,000 மில்லிகிராம். மருந்து என்று பேசப்படுவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நஞ்சு 40,000 மில்லிகிராம்! நம் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று விற்பது நூற்றுக்கு 8 பங்கு வரை ஏறும். அதில் ஒரே புட்டியிலே 40 கிராம் உள்ளே போய்விடும்.

இந்தச் சாராயம் நரம்பணுவை என்ன செய்கிறது? அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள்: எலிகளுக்கு மிகுதியாகச் சாராயம் கொடுத்தபோது, நினைவுக்குரிய மூளைப் பகுதியிலே புதிய நரம்பணுக்கள் பிறப்பது குறைந்தது. பிரிட்டனில் 36,678 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்த முடிவு 2022இல் வந்தது. நாளுக்கு ஓரிரு குவளை அருந்துவோரிடம்கூட மூளையின் அளவு குறைந்து காணப்பட்டது. அளவு ஏற ஏறக் குறையும் மிகுந்தது. நெடுநாள் குடித்து, உணவு குறைந்து, பி1 உயிர்ச்சத்து வற்றியவனுக்கு நடை தள்ளாடுகிறது. நேற்று நடந்தது நினைவில் நிற்பதில்லை. வெர்னிக் 1881இலும், கோர்சகாஃப் 1887இலும் இந்நோய்களை விளக்கிவிட்டார்கள். கருவுற்ற தாய் குடித்தால் குழந்தையின் மூளையே குன்றும் என்பதை 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2023 சனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உடலுக்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்று இல்லை.

ஒரு கையால் விதை தூவி, மறு கையால் தீ வைப்பவனை உழவன் என்போமா?

"அப்படியானால் அந்த ஆராய்ச்சி வீணா?" என்று கேட்கலாம். வீணல்ல! பூசணத்திலிருந்து பெனிசிலின் கிடைத்தது. 1928இல் ஃபிளெமிங் கண்டார். அதற்காகப் பூசணம் பிடித்த ரொட்டியை யாரும் தின்பதில்லை. ஹாப்ஸ் பூவிலிருந்து நாளை மருந்து பிறக்குமானால் வரவேற்போம். மனிதரிடம் சோதித்து, அளவு கண்டு, மாத்திரையாக்கி, ஏழையின் மருத்துவமனைக்கும் அனுப்பட்டும். மருத்துவர் தரட்டும். மதுக்கடைக்காரர் தர வேண்டாம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீரின் கசப்புப் பொருள்கள், மறதி நோய்க்கு ஆளான எலிகளின் மூளை வீக்கத்தைக் குறைத்தன என்று 2017இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதை நடத்தியோரில் கிரின் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் உண்டு. கிரின் பீர் காய்ச்சும் நிறுவனம். ஆய்வு பொய் என்று நாம் கூறவில்லை. விஞ்ஞான ஏட்டிலே முறையாக வெளிவந்ததுதான். ஆனால், தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்ப்பது வாங்குபவனின் உரிமை.

முன்பெல்லாம், "களைப்புத் தீரக் குடி" என்றார்கள். களைப்பு தீரவில்லை, கூலிதான் தீர்ந்தது. "கவலை மறக்கக் குடி" என்றார்கள். அவன் கவலையை மறந்தான். அவன் மனைவி கவலையைச் சுமந்தாள். இன்று, "அறிவு வளரக் குடி" என்று வருகிறது அழைப்பு! வாசகம் மாறியிருக்கிறது, வாங்கும் பணம் போய்ச் சேருமிடம் மாறவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை எவரேனும் பத்திரிகைத் துண்டை நீட்டினால் சினம் கொள்ளாதீர்கள்; சிரிக்கவும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். குடித்தது யார்? எவ்வளவு? குவளையிலே வேறென்ன? மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லும்போது, பையைத் தடவிய கை தானே கீழே இறங்கும்.

பிறகு அவரை நம் படிப்பகத்துக்கு அழைத்து வாருங்கள். அறிவு வளர அங்கே வழி இருக்கிறது. கட்டணமும் இல்லை, காலையிலே தலைவலியும் இல்லை!