தூரத்தை எதனால் அளப்பது?



சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா பேரனின் தேசப்படப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்று போற்றப்படும் நேபாளத்து முக்திநாத்துக்குப் போக அவருக்கு நெடுநாள் ஆசை.

"எவ்வளவு தூரம் பிள்ளை?"

போக்கரா நகரம் வரை பயணம் சிரமமில்லை. அங்கிருந்து ஜொம்சொம் என்ற மலை ஊருக்குப் போவதுதான் பாடு. நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். சிறிய விமானம் 20 நிமிடத்தில் போய்விடும். மலையைச் சுற்றும் தெருவில் அதுவே ஏறக்குறைய 160 கிலோமீற்றர். பஸ்ஸில் 8 முதல் 10 மணித்தியாலம். மண் சரிந்தால் இன்னும் கூடும். தெரு வருமுன்னர் பல நாள் நடைதான்.

அந்த 20 நிமிடமும் நிச்சயமில்லை. அன்னபூர்ணா, தௌலகிரி என்ற இரு பெருமலைகளுக்கு நடுவே காளி கண்டகி ஆறு ஓடுகிறது. வெயில் ஏற அந்தப் பள்ளத்தாக்கில் பலத்த காற்று எழும். அதனால் விமானங்கள் காலையிலேயே பறக்கும். முகில் மூடினால் அதுவும் இல்லை. இப்பாதையில் 2016இல் 23 பேரும், 2022இல் 22 பேரும் விமான விபத்தில் இறந்தார்கள்.

இந்தத் தூரம் பெண்களின் வாழ்வோடும் பிணைந்தது. நடைபாதை நெடுகிலும் தகாலி இனப் பெண்கள் விடுதி நடத்திச் சோறும் படுக்கையும் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். தெரு வந்தபின் பலர் வாகனத்தில் கடந்து போகிறார்கள்; நடந்து வருவோர் குறைந்தனர். ஆனால் அதே தெருவால்தான் நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். தெரு எட்டாத மலைக்கிராமங்களில் பிரசவத்தில் தவிக்கும் தாய்மாரை இலவசமாக ஹெலிகொப்டரில் ஏற்றிவரும் திட்டத்தை நேபாள அரசு 2018இல் தொடங்கியது. அத்தாய்க்கு ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீற்றர் என்பதல்ல, எத்தனை மணித்தியாலம் என்பதே உயிர்.

எல்லாம் கேட்டபின் அந்த அம்மா கேட்டார்: "பஸ் இருட்ட முதல் போய்ச் சேருமோ? தனியப் போற பொம்பிளைக்கு அதெல்லோ முக்கியம்."

சமூகவியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

பாதை மூடிக் கிடந்த காலத்தில் பக்கத்து ஊரும் எட்டாத் தூரமானதை நாம் அறிவோம். ஆகவே சகோதரிகளே, உங்கள் ஊருக்குப் பஸ்ஸோ தாய்சேய் நிலையமோ கேட்டு மனு எழுதும்போது கிலோமீற்றரை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காசு, மாரியில் பாதை எப்படி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவற்றையும் எழுதுங்கள். நாம் நடக்கும் தூரத்தை நாமே சொல்ல வேண்டும்.

அம்மா இப்போது சீட்டுக் காசைச் சேர்த்து வைக்கிறார். "காத்தை நம்பி நிக்கேலாது பிள்ளை. விடிய வெளிக்கிடுற பஸ்ஸிலயே போறன்."